மண்கடதாசியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

மாங்குளத்துக்குத் தெற்கே ஏ-9 வீதியோரம் இருக்கும் எங்கள் தச்சுப் பட்டறைக்கு வேலை பழக வருகிறவர்களை, முதல்நாளே இரும்புக்கடைக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். "ஐந்து மண்கடதாசி வாங்கி வா" என்பேன். வேறொன்றும் சொல்லமாட்டேன். கடைக்காரர் "என்ன நம்பர்?" என்று கேட்பார். வந்தவர் கொஞ்சம் விழித்துவிட்டு "நூறு" என்பார். நூறு என்பது கேட்க நல்ல எண்ணாக இருக்கிறது போலும். இதுவரை அனுப்பிய பலரும் நூறுதான் வாங்கி வந்திருக்கிறார்கள். தாளின் முதுகு, அதாவது பின்பக்கம், கடதாசியா துணியா என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

அந்த முதுகைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மரமோ இரும்போ தேய்க்கப் புதிதாகக் கை வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பழகியவர்கள் இடையிடையே தலையை ஆட்டிக்கொண்டு தாண்டிப் போகலாம்.

பெயரில் ஒரு சிறு குழப்பம் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு அரத்தாள் என்று பெயர். கடையில் மண்கடதாசி, சிலர் வாயில் சாண்ட் பேப்பர். துணி முதுகு உள்ளதை இரும்பு வேலைக்காரர்கள் எமரி என்பார்கள். எமரி என்பது உண்மையில் ஒரு கல்லின் பெயர். இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் துணிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கல் கிடையாது. மண்கடதாசியிலும் மண் கிடையாது. தாளின் முகத்தில் ஒட்டியிருக்கும் துகள்தான் மணி. பழுப்பு நிறத்தில் இருக்கும் மணி அலுமினியம் ஒக்சைட்டு. இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் வேதியியலில் அதே பொருள்தான். நிறத்தைத் தருவது அதில் கலந்திருக்கும் சிறு அசுத்தங்கள். கறுப்பாகப் பளபளக்கும் மணி சிலிக்கன் காபைட்டு. 1891 இல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யப் போய்த் தற்செயலாகக் கண்டது அது. இவை எதுவும் வருவதற்கு முன் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையால் மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்றியிருக்கிறார்கள். எங்கள் காட்டோரங்களில் அந்த மரம் இன்றும் நிற்கிறது. ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் காய்ந்த இலை ஒன்றை எடுத்து நகத்தில் தேய்த்துப் பாருங்கள்.

ஒரு தாளில் மூன்று பகுதிகள் உண்டு: மேலே வெட்டுகிற மணி, நடுவில் அதைப் பிடித்துவைக்கும் பசை, கீழே இரண்டையும் சுமக்கும் முதுகு. மணி மழுங்குவதற்கு முன்பே பசை விட்டாலோ முதுகு கிழிந்தாலோ, மீதிக் காசு குப்பைக்குத்தான். மணி மழுங்கிய பிறகும் முதுகு கிழியாமல் இருந்தால் கை சும்மா உழைக்கும். வேலையும் முதுகும் பொருந்தினால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்ந்து முடியும்.

முதற்படி: திருப்புங்கள், வாசியுங்கள்

கடையில் தாளைக் கையில் எடுத்தவுடன் மணிப்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்புங்கள். நல்ல தாளில் மணியின் அளவைக் குறிக்கும் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணுக்கு முன்னால் 'பி' (P) என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவு. பலவற்றில் முதுகின் தரத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருக்கும். கடதாசிக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று தடிப்பு ஏறிக்கொண்டு போகும். இங்கே வரும் பி (B) தடிப்பைக் குறிப்பது, எண்ணுக்கு முன்னால் வரும் பி (P) அளவுமுறையைக் குறிப்பது. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரியும்; எழுத்தும் வேறு, வேலையும் வேறு. 'ஏ' கடதாசி சதுர மீற்றருக்கு 85 கிராமுக்கு உட்பட்டது, அதாவது போட்டோகொப்பித் தாளின் கனம்தான். 'சி' ஏறக்குறைய 120 கிராம். 'ஈ' 220 கிராமுக்கு மேல். மடித்தால் அட்டையைப் போல எதிர்க்கும்.

துணிக்கு வேறு எழுத்துகள். 'ஜே' மெல்லியது, விரலோடு சேர்ந்து வளையும். 'எக்ஸ்' விறைப்பானது. 'ஒய்' அதைவிடவும் விறைப்பு. பெரிய இயந்திரங்களுக்கு உரியது, நம் கைக்கு அது வேண்டாம். துணி பருத்தியாகவும் இருக்கலாம், பொலியெஸ்டராகவும் இருக்கலாம்.

எழுத்தே இல்லாத தாள்களும் வருகின்றன. கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கவேண்டியதுதான் என்று நினைக்கவேண்டாம். கையாலேயே சோதிக்கலாம்.

இரண்டாம் படி: மூலையை மடித்துப் பாருங்கள்

ஒரு தாள் வாங்கி வெளியே வந்து அதன் மூலையைச் சோதியுங்கள். கடைக்குள்ளே செய்தால் கடைக்காரரின் முகம் மாறும்.

மூலையை விரல் அகலத்துக்கு மணி வெளியே வரும்படி மடித்து அழுத்துங்கள். கடதாசி என்றால் மடிப்பில் வெள்ளைக் கோடு தெரியும்; பசை வெடித்து மணிகள் உதிரும். மெல்லிய துணி என்றால் மடிப்பு கோடாகப் பதியாது. விட்டதும் எழும்பி வரும். துணியிலும் மடித்த இடத்தில் மணி பொலபொலவென்று கொட்டினால் பசை மோசம். அதை வாங்கவேண்டாம்.

அடுத்து கிழியுங்கள். கடதாசி கோணலாக, நார்நாராகக் கிழியும். துணி முதலில் கிழியவே மாட்டேன் என்று நிற்கும். ஓரத்தில் கத்தியால் சின்ன வெட்டுக் கொடுத்து இழுத்தால், புடவைக்கடையில் சீலைத்துணி கிழிப்பதுபோல நூல் ஓட்டத்தோடு நேராக வரும். வெள்ளையாகத் தெரியும் துணியின் பின்னல் கிழிந்த ஓரத்தில் தெளிவாக இருக்கும். துணி போல அச்சிட்ட கடதாசியை ஒருமுறை என்னிடமே விற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தச் சோதனையை நான் விடுவதில்லை.

கடைசியாக, முதுகில் இரண்டு துளித் தண்ணீர். வீட்டுக்கு வந்து செய்தால் போதும். சாதாரணக் கடதாசி சில நிமிடங்களில் துளியைக் குடித்துக் கறுத்து ஊறும். வாட்டர் பேப்பர் என்று விற்கப்படும் கறுப்புத் தாளில் துளி முத்தாக நிற்கும். அதன் கடதாசியே தண்ணீர் ஏறாதபடி பதப்படுத்தப்பட்டது, பசையும் ரெசின். 1921 இல் அமெரிக்காவில் இவ்வகைத் தாள் கடைக்கு வந்தபோது மோட்டார் வாகனப் பூச்சு வேலைக்காரர்கள்தான் முதலில் அள்ளிக்கொண்டார்கள். ஈரத்தில் தேய்த்தால் தூசி பறக்காது என்பது காரணம்.

இங்கே புதியவர்கள் பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. துணிதானே, நனைத்தால் என்ன என்று நினைப்பார்கள். பருத்தி முதுகும் நீர் தாங்காத பசையும் உள்ள துணியை நனைத்தால் முதுகு இளகி இழுபட்டு மணி தோல் உரிவதுபோல உரியும். ஈரத்தைத் தாங்குவது பதப்படுத்தலைப் பொறுத்தது; துணி, கடதாசி என்ற வேறுபாட்டைப் பொறுத்ததல்ல. தண்ணீர் வேலைக்கு நான் கையில் எடுப்பது கடதாசியைத்தான்.

மூன்றாம் படி: வேலையைப் பார்த்து முதுகைத் தேர்ந்தெடுங்கள்

தட்டையான இடத்துக்குக் கடதாசி, வளைவான இடத்துக்குத் துணி என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் சரி. ஆனால் அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினால் சில இடங்களில் மரம் கெடும், ஓரிடத்தில் விரலே போகும்.

கதவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் கெடுத்த முதல் பெரிய வேலை ஒரு கதவு. மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வன்னியெங்கும் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கதவும் நிலையும் செய்ய ஆள் போதாது. ஒட்டுசுட்டான் பக்கத்து வீடொன்றுக்கு முதிரை மரத்தில் இரட்டைக் கதவு செய்தேன். முதிரையின் இழை ஒரு பக்கமாக ஓடாது. ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியும் மாறி மாறி ஓடும். சீவுளி போட்டால் ஒரு பட்டை பளபளக்கும், மற்றது பிய்ந்து எழும்பும். அதனால் தேய்ப்பில்தான் அதைச் சரிசெய்யவேண்டும். கையில் இருந்தது பெல்ட் இயந்திரத்தில் போட்டு மிஞ்சிய எண்பதாம் எண் துணி. கிழியாது, வேகமாக வெட்டும் என்று அதையே உள்ளங்கையில் வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். கை வைத்துப் பார்த்தால் கண்ணாடி. வார்னிஷ் அடித்தேன். மறுநாள் காலை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், கதவு முழுக்கப் பூனை பிராண்டியதுபோல வளைந்த கீறல்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை; "அண்ணை, இது இப்படித்தான் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத் திட்டே மேல். இரண்டு கதவையும் கழற்றிக்கொண்டு வந்து வார்னிஷைச் சுரண்டி முதலிலிருந்து தொடங்கினேன்.

துணியின் முகம் கடதாசியைப் போல ஒரே மட்டம் அல்ல. பின்னலின் மேடும் பள்ளமும் மணிக்குக் கீழே இருக்கும். அதனால் சில மணிகள் ஆழமாக வெட்டும், சில தொடாமலே போகும். பருக்கனாக, அதாவது பெரிய மணியால், தேய்க்கும்போது இது தெரியாது. முடிக்கும் வேலையில் தெரியும். அதோடு உள்ளங்கை ஒரு மெத்தை. வளைகிற துணியும் வளைகிற கையும் சேர்ந்தால் மரத்தின் மென்மையான இடம் குழியும், வைரம் பாய்ந்த இடம் மேடாக நிற்கும். கதவு, மேசைப்பலகை, அலுமாரி போன்ற தட்டையான இடங்களுக்கு ஒரு மரக்கட்டையில் கடதாசியைச் சுற்றிப் பிடியுங்கள். கட்டையின் அடியில் பழைய இறப்பர்ச் செருப்பின் துண்டொன்றை ஒட்டிக்கொண்டால் தாள் சீக்கிரம் கிழியாது. பருக்கன் எண்ணில் 'சி' அல்லது 'டி' கடதாசி, முடிக்கும்போது 'ஏ' கடதாசி. இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். முதிரையில் திசை மாறும் இடத்தில் பலகையின் நீளத்தைத் திசையாகக் கொள்ளுங்கள்.

இனி மண்வெட்டிப் பிடி. துணியின் அருமை அங்கேதான் தெரியும். பிடியை வேலைமேசையின் இடுக்கியில் பூட்டுங்கள். இரண்டு விரல் அகலத்தில், முழ நீளத்தில் 'ஜே' துணியைக் கிழித்தெடுங்கள். பிடிக்கு மேலாகப் போட்டு இரண்டு முனையையும் இரு கையால் பிடித்து, சப்பாத்து மினுக்குகிறவர் இழுப்பதுபோல மாறி மாறி இழுத்துக்கொண்டே நீளத்துக்கு நகருங்கள். கடதாசி என்றால் மூன்றாவது இழுப்பில் இரண்டாகிவிடும். துணி பிடியின் உருண்டையோடு ஒட்டி வளைந்து, எங்கே மேடு இருக்கிறதோ அங்கே முதலில் வெட்டும். கால் மணி நேரத்தில் உள்ளங்கைக்கு இதமான பிடி கிடைக்கும். இந்த இழுப்பு இழைக்குக் குறுக்கே போகிறது என்பதால், கடைசியாக அதே எண்ணில் ஒரு துண்டை நீளவாக்கில் நாலு தடவை ஓட்டிவிடுங்கள். கதிரைக் கால், கட்டில் கால், கலப்பைக் கை எல்லாவற்றுக்கும் இதே முறை.

இரும்புப் படலையில் துருவெடுப்பதற்கும் துணிதான். கம்பியின் மூலையும் ஒட்டுவேலையின் (வெல்டிங்) முடிச்சும் கடதாசியை நிமிடத்தில் பிய்த்துவிடும். 60 அல்லது 80 ஆம் எண் போதும். இரும்பைக் கண்ணாடிபோல மினுக்கிவிட்டுப் பிறைமர் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சுக்குப் பிடிமானமே அந்தக் கீறல்தான். அதை அழித்துவிட்டால் அடுத்த மாரிக்குள் பூச்சு பொருக்காகக் கிளம்பும். ஒட்டுமுடிச்சைக் கரைக்கக் கிறைண்டரில் போடும் ஃபிளாப் டிஸ்க் என்பதும் துணி முதுகுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே.

உழவு இயந்திரத்தின் மட்காட்டில் புட்டி போட்டு மட்டம் எடுப்பது வாட்டர் பேப்பர் வேலை. தாளைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் வெடிக்கும். முல்லைத்தீவு, அலம்பில், கொக்கிளாய்க் கரைகளில் ஃபைபர் படகு திருத்துகிறவர்களுக்கு இரண்டும் தேவை. உடைந்த இடத்தின் ஓரம் ஊசிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். கடதாசி அங்கே கால்தூசி. பருக்கன் துணியால் அந்த ஓரத்தைச் சரித்து, புதிய பூச்சுப் பிடிக்கும்படி சுற்றிலும் சொரசொரப்பாக்குங்கள். மேல்பூச்சுக்கு முன் வாட்டர் பேப்பருக்கு மாறுங்கள்.

விரல் போகும் என்று சொன்னது கடைசல் இயந்திரத்தில். சுழலும் மரத்தைத் தேய்க்கும்போது, கிழியாத துணிதான் நல்லது என்று யாருக்கும் தோன்றும். நான் அங்கே கடதாசிதான் கொடுப்பேன். சுழலும் துண்டில் தாள் எங்காவது சிக்கினால் கடதாசி கிழிந்து கையை விட்டுவிடும். துணி கிழியாது, விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றும். கிழிய வேண்டிய இடத்தில் கிழிவதும் ஒரு குணம்தான். எதை எடுத்தாலும் விரலில் சுற்றிப் பிடிக்கவேண்டாம். சுழலும் துண்டுக்குக் கீழ்ப்பக்கமாக, இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். சட்டைக் கை, கழுத்தில் துவாய் எதுவும் தொங்கக்கூடாது.

மின்சாரச் சாண்டர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையில் பிடித்து ஓட்டும் பெல்ட் இயந்திரத்துக்குத் துணிதான், ஏனென்றால் இழுவிசையில் ஓடுவது அது. 75 க்கு 533 மில்லிமீற்றர் என்ற அளவு பொதுவானது. உள்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் ஓடும் திசைக்குப் பொருந்தப் போடுங்கள். தலைகீழாகப் போட்டால் ஒட்டு விட்டு முகத்துக்கு நேரே அறுந்து வரும். வட்டமாக அதிரும் சாண்டருக்குக் கடதாசி வட்டு போதும். அதை அழுத்தாதீர்கள், கையின் பாரமே போதும். பெரிய தொழிற்சாலைகளின் அகலப் பெல்ட் இயந்திரங்களில் தடித்த கடதாசியும் ஓடுகிறது. ஆகவே பெல்ட் என்றாலே துணி என்று சத்தியம் செய்யவேண்டாம்.

நான்காம் படி: வெட்டுதல், பழக்குதல், மடித்தல்

முழுத்தாள் 9 அங்குலத்துக்கு 11 அங்குலம். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், ஒரு தாளை வெட்டினால் கத்தரி கெட்டது, அன்று மாலை வீட்டில் உங்கள் நிலையும் கெட்டது. கடதாசியை மணிப்பக்கம் கீழே இருக்க வைத்து, பழைய இரும்பறுக்கும் வாளின் அலகு ஒன்றை மேலே அழுத்திப் பிடித்து, அலகோடு சேர்த்து மேல்நோக்கிக் கிழியுங்கள். அலகை மேசை ஓரத்தில் நிரந்தரமாகத் திருகாணி போட்டு வைத்துவிட்டால் நல்லது. 11 அங்குலப் பக்கத்தை மூன்றாகப் பிரிக்க மேசையில் பென்சில் கோடு ஒன்றும் போட்டு வைக்கலாம். துணியைப் பின்பக்கமாகக் கத்தியால் கீறி இழுத்தாலே போதும்.

புதிய கடதாசியை அப்படியே பயன்படுத்தினால் முதல் மடிப்பிலேயே வெடிக்கும். கிழிப்பதற்கு முன் தாளின் முதுகை மேசை விளிம்பில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, மேலும் கீழுமாக ஒருமுறை இழுங்கள். பிறகு தாளைத் திருப்பி அகலவாக்கிலும் ஒருமுறை. பசையில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் விழுந்து தாள் இளகும். இந்த அரை நிமிட வேலைக்குப் பிறகு அது எவ்வளவு நேரம் கூடுதலாக உழைக்கிறது என்பதைப் பார்த்தபோது, முதல் வருடம் முழுக்க நான் வீணாக்கிய தாள்களை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

கட்டை இல்லாமல் கையால் தேய்ப்பதென்றால் துண்டை மூன்றாக மடியுங்கள், கடிதம் மடிப்பதுபோல. இரண்டாக மடித்தால் கடதாசியின் வழவழப்பான முதுகு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நாலாக மடித்தால் மணியும் மணியும் உரசி ஒன்றையொன்று தின்னும். மூன்று மடிப்பில் மணிப்பக்கம் ஒன்று முதுகைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. ஒரு முகம் தேய்ந்ததும் பிரித்து மாற்றி மடித்தால் இரண்டாவது முகம், மூன்றாவது முகம்.

ஐந்தாம் படி: எண்ணில் தாவாதீர்கள்

எண் கூடக் கூட மணி சிறுக்கும். பி 80 இன் மணி சராசரியாக 200 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்), பி 120 இல் 125, பி 180 இல் 82, பி 240 இல் 58. ஒவ்வொரு எண்ணின் வேலையும் முந்திய எண் விட்ட கீறலை அழிப்பதுதான். 80 இலிருந்து 240 க்குத் தாவினால், அந்தச் சின்ன மணி பெரிய பள்ளத்தின் மேல்விளிம்பை மினுக்கிவிட்டுப் போகும். கையால் தடவினால் வழவழப்பு. வார்னிஷ் அடித்தால் பள்ளம். என் கதவில் நடந்ததில் பாதி இதுதான்.

80, 120, 180 என்று போங்கள். மேசைப்பலகை என்றால் 240. வார்னிஷ் அடிக்கும் மரத்தில் அதற்குமேல் போவது வீண் உழைப்பு. வார்னிஷ் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் 320, மெல்லிய கடதாசி, பாரமில்லாத கை. ஒவ்வோர் எண்ணைத் தொடங்குமுன்னும் பலகை முழுக்கப் பென்சிலால் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு எல்லா இடத்திலும் மறைந்த பிறகே அடுத்த எண். எண் மாற்றும்போது தூசியைத் துடையுங்கள். முந்திய எண்ணின் ஒரு பருக்கன் மணி பலகையில் கிடந்தால் அடுத்த தாளுக்குக் கீழே உருண்டு புதிய கீறல் போடும். பிறகு பட்டறையை இருட்டாக்கி டோர்ச் வெளிச்சத்தைப் பலகையோடு படியச் சாய்த்துப் பாருங்கள். காலை வெயில் காட்டப்போவதை முதல்நாள் இரவே பார்த்துவிடலாம்.

'பி' இல்லாத எண்ணைக் கண்டால் கவனம். 200 வரையிலும் பெரிய வேறுபாடு இல்லை. அதற்குமேல் விலகிக்கொண்டே போகும். பி 400 இன் மணி 35 மைக்ரோன். 'பி' இல்லாத அமெரிக்க அளவின் 400 ஏறக்குறைய 23 மைக்ரோன், அதாவது பி 800 க்குப் பக்கம். ஒரே மேசையில் இரண்டையும் கலந்தால் எண் ஏறுகிறது, மணி இறங்குகிறதா ஏறுகிறதா என்றே தெரியாது.

தேக்கிலும், காயாத பூச்சிலும் தாள் சீக்கிரம் அடைபடும். மணி நெருக்கமில்லாமல் தூவிய தாளும், மேலே வெள்ளைப் பொடி போலப் பூசியிருக்கும் தாளும் அங்கே நீடித்து உழைக்கும். அடைபட்ட பெல்ட்டை ஓடவிட்டு, கிறேப் இறப்பர் அடி உள்ள பழைய செருப்பை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். தூசியெல்லாம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். துணி பெல்ட் இந்தச் சுத்திகரிப்பைப் பல தடவை தாங்கும். கைக்கடதாசிக்கு இது ஆகாது. மேசை ஓரத்தில் முதுகைத் தட்டி உதறினால் போதும்.

இரும்பில் போட்ட துணியை மரத்துக்குக் கொண்டுவராதீர்கள். மணிக்கிடையில் தங்கிய இரும்புத்தூள் மரத்தில் ஏறி, ஈரம் பட்டதும் கரும்புள்ளியாகக் கிளம்பும். எங்கள் பட்டறையில் இரும்புத் துணிகளின் முதுகில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டிருக்கும். மரத்தூள் நிறைந்த பையோடு இருக்கும் சாண்டரை இரும்பில் வைப்பதும் கூடாது. ஒரு பொறி பைக்குள் போனால் உள்ளே புகைந்துகொண்டே இருந்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு எரியும்.

தூசி

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் ஒத்துவராது. அரிப்பும் கொப்புளமும் வரும். வந்தவருக்கு அடுத்தமுறை இன்னும் சீக்கிரம் வரும். நீளக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள். மரத்தூசியை 1995 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று வகைப்படுத்தியது. பாலையோ தேக்கோ, நல்ல மரத்தின் தூள் நல்லது என்றொரு வகை கிடையாது. மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. பொருந்தி நிற்கும் மாஸ்க் வேண்டும். ஃபைபர் தேய்த்த பிறகு தோலைச் சொறியாமல், தேய்க்காமல், குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள்.

எங்கே வைப்பது

ஐப்பசி தொடங்கித் தை வரையில் எங்கள் பக்கம் காற்றே ஈரம். சீமெந்து நிலத்தில் வைத்த கடதாசிக்கட்டின் முதுகு அந்த ஈரத்தைக் குடித்து விரியும், மணிப்பக்கம் விரியாது. தாள் மணிப்பக்கமாக ஓலைச்சுருள் போலச் சுருண்டுகொள்ளும். மலிவான தாளின் பசை விலங்குப் பசையாக இருந்தால் இளகியும் விடும்; தேய்த்தால் மணி கையோடு வரும். தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள பரணும் ஆகாது, சித்திரை வெயிலில் வெந்து உடையும். இரண்டு பலகைக்கிடையில் படுக்கவைத்து, மேலே பாரமொன்றை ஏற்றி, பொலித்தீன் சுற்றி, சுவரிலும் நிலத்திலும் படாத தட்டில் வையுங்கள். துணி இதைவிடப் பொறுமைசாலி, சுருளாகவே கிடக்கலாம். பெல்ட்டை மட்டும் ஆணியில் தொங்கவிடாதீர்கள், ஆணி பட்ட இடத்தில் மடிப்பு விழும். தடித்த பீவீசீ குழாய்த் துண்டைச் சுவரில் அடித்து அதில் மாட்டுங்கள்.

முதல்நாள் எதை வாங்குவது என்று கேட்டால் என் பட்டியல் இதுதான்: 'சி' அல்லது 'டி' கடதாசியில் பி 80 உம் பி 120 உம் ஐந்தைந்து தாள், மெல்லிய கடதாசியில் பி 180 ஐந்து, பி 240 மூன்று, வாட்டர் பேப்பரில் 320 இரண்டு, 600 இரண்டு, மெல்லிய துணியில் 80 உம் 120 உம், சுருளிலிருந்து ஒவ்வொரு யார் (மூன்று அடி). துணிக்கு விலை கூட. ஆனால் ஒரு யார் துணி மண்வெட்டிப் பிடிகளோடு பல மாதம் ஓடும். கடதாசியைக் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றுங்கள். வெட்டாத தாளோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் நீங்கள் அழுத்துகிற அழுத்தம்தான் பலகையில் குழி போடுகிறது.

தேய்ந்த 120 ஐ 180 என்று எண்ணிப் பாவிக்கலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். கேட்கவேண்டாம். அதில் பெரும்பாலான மணிகள் மழுங்கியிருக்கும். மழுங்காத ஒன்றிரண்டு இன்னும் 120 ஆகவே இருந்து, முடிக்கிற நேரத்தில் கோடு கிழிக்கும். அப்படித் தேய்ந்த துண்டுகளை நாங்கள் ஒரு பால்மாத் தகரத்தில் போட்டு வைக்கிறோம். மேசையில் சிந்திக் காய்ந்த பசையைச் சுரண்ட, உளிப்பிடியின் அழுக்கெடுக்க, துருப்பிடித்த ஆணியைத் துடைக்க அவை போதும். போன மாதம் வந்த பையனிடம் அந்தத் தகரத்தைக் கொடுத்து, துணி ஒரு பக்கம், கடதாசி ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் மணிப்பக்கம் கீழே இருக்கத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பிரிக்கத் தொடங்கினான்.